ஊர்ப் பொதுப் போர்க்கிணற்றைக் காப்பாற்ற கிராம சபையில் விதி போடுவது எப்படி

எங்கள் ஊர் காங்கேயத்துக்குத் தெற்கே மேட்டுக்காட்டுப் பக்கம் இருக்கிறது. நூற்றைம்பது வீடுகூட வராது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பொதுப் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு ஒன்று, அடிபம்பு இரண்டு, மாரியம்மன் கோயில் பக்கத்தில் ஒரு பழைய சேந்துகிணறு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் குழாயில் காவிரித் தண்ணீரும் வரும். அதை நல்ல தண்ணி என்போம், போரில் வருவதை உப்புத் தண்ணி என்போம். உப்புத் தண்ணிதானே, துணி துவைக்கவும் மாட்டுக்குக் காட்டவும் போதும் என்ற நினைப்பில் அந்தப் போரைச் சுற்றி என்ன நடக்கிறது என்று யாருமே பார்க்கவில்லை. ஆனால் எங்காவது மெயின் பைப் உடைந்து பத்து நாள் காவிரித் தண்ணீர் வராமல் போனால், எங்கள் வீட்டுச் சோறு அந்த உப்புத் தண்ணியில்தான் வேகும். பால்புட்டிக் குழந்தைக்கும் அதுதான்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை சொல்லிக் கொடுத்தார்கள். மகளிர் குழுவிலிருந்து போன ஐந்து பேரில் நானும் ஒருத்தி. பெட்டியோடு வந்து முதல் முறை எங்கள் போர்த் தண்ணீரைச் சோதித்தபோது, நைட்ரேட் குப்பியில் தண்ணீர் ரோஜா நிறத்தைத் தாண்டிச் சிவப்பாகவே மாறிவிட்டது. பெட்டியோடு கொடுத்த வண்ண அட்டையில் கடைசிக் கட்டத்தோடுதான் அது ஒத்துப்போனது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பியபோதும் அதே கதைதான். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. எங்களுடையது கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு.

அதன் பிறகு நாங்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டு, போரைச் சுற்றி ஒரு வட்டம் குறித்து, அதற்குள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று எழுதி வைத்தோம். அதை எப்படிச் செய்தோம், எங்கே தப்பு செய்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் பொதுப் போரோ கிணறோ இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் நடந்து பாருங்கள்

தீர்மானம் எழுதுவதற்கு முன்னால் போரிலிருந்து நான்கு திசையிலும் நடங்கள். கையில் நூறு அடி டேப், ஒரு நோட்டு, கூட இரண்டு பேர். போரின் தலையில் ஆரம்பித்து, கண்ணில் படுகிற ஒவ்வொன்றுக்கும் எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். கழிவறைக் குழி, மாட்டுக் கட்டுத்தரை, எருக்குப்பை, சாக்கடை தேங்கும் இடம், கோழிக் கொட்டகை, பாழுங்கிணறு, கைவிட்ட போர், பூச்சிமருந்து கலக்கும் தொட்டி, தேங்காய் நார் மில் இருந்தால் அவர்கள் நார்க்கழிவு அலசி விடும் தண்ணீர் போகும் பக்கம், எல்லாமே. மழைத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து ஓடி வருகிறது என்பதை அம்பு போட்டுக் குறியுங்கள். மேட்டுப் பக்கம் இருப்பவை முதல் கவலை. பிறகு வி.ஏ.ஓ.விடம் கிராம வரைபடம் வாங்கி, ஒவ்வொன்றும் எந்த சர்வே எண்ணில் வருகிறது என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். இந்த சர்வே எண் வேலையைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் வரும்.

எங்கள் பூமியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மேலே கொஞ்சம் செம்மண், அதன் கீழே சிதைந்த பாறை, பிறகு கெட்டிப் பாறை. கொங்கு நாட்டில் பெரும்பாலும் இப்படித்தான். தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது. மணல் பூமியில் அழுக்குத் தண்ணீர் மெதுவாக, வடிகட்டிக்கொண்டே இறங்கும். இங்கே ஒரு வெடிப்பு கிடைத்துவிட்டால் வடிகட்டாமலே நேராகப் போய்விடும். கழிவறைக் குழி தோண்டும்போது ஆழமாக, இருபது அடி போனால் வருஷக்கணக்கில் நிறையவே நிறையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஏன் நிறையவில்லை? கீழே ஏதோ வெடிப்பில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வெடிப்பு யாருடைய போருக்குப் போகிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இன்னொன்று. எங்கள் ஊரில் செப்டிக் டேங்க் என்று சொல்வதில் பலது செப்டிக் டேங்கே கிடையாது. அடியில் தளம் இல்லாமல் சிமெண்ட் ரிங் இறக்கிய குழி, அவ்வளவுதான். உண்மையான செப்டிக் டேங்குக்கு அடியும் சுவரும் தண்ணீர் கசியாமல் பூசியிருக்க வேண்டும், உள்ளே தடுப்பு இருக்க வேண்டும். அதிலிருந்து வெளியேறும் தண்ணீர்தான் உறிஞ்சுகுழிக்குப் போகும். ஆகவே வீட்டுக்காரரிடம் "செப்டிக் டேங்க் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "அடியில் காங்கிரீட் போட்டீங்களா?" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

தண்ணீரைச் சோதியுங்கள், கையில் காகிதம் வேண்டும்

பரிசோதனைப் பெட்டியில் வரும் முடிவு நமக்குத் தெரிந்துகொள்ள. சபையில் பேசுவதற்கு ஆய்வகத்தின் காகிதம் வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் இருக்கிறது. ஊராட்சி மூலமாக அனுப்புவது நல்லது. மோட்டாரை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போன பிறகு பிடியுங்கள். ரசாயனப் பரிசோதனைக்குச் சுத்தமான கேனை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்கலாம். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகத்திலேயே கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். அதை அலசக் கூடாது, மூடியின் உட்பக்கத்தைத் தொடக் கூடாது, ஐஸ் போட்டு அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். ரசாயனப் பரிசோதனை வருஷத்துக்கு ஒரு முறை, கிருமிப் பரிசோதனை மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு. ஊரில் வைத்தே செய்ய ஹெச்2எஸ் குப்பி கொடுப்பார்கள். தண்ணீரை ஊற்றி வைத்து ஒன்றிரண்டு நாளில் கருப்பாகிவிட்டால் மலக்கிருமி இருக்கக்கூடும் என்று அர்த்தம்.

காகிதம் வந்ததும் எல்லா எண்ணையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை என்று விட்டிருக்கிறார்கள். ஃபுளோரைடு 1 மில்லிகிராம்வரை நல்லது, 1.5க்கு மேல் கூடாது. இவை பெரும்பாலும் பாறையின் சுபாவம், ஊர் விதியால் மாறாது. நம் கையில் இருப்பது நைட்ரேட்டும் கிருமியும்தான். 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நைட்ரேட் எங்கிருந்து வருகிறது என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்கு விளக்கியபோது ஒருத்தி கேட்டாள், "காய்ச்சிக் குடிச்சா சரியாயிடுமா அக்கா?" ஆகாது. மனிதக் கழிவு, மாட்டு மூத்திரம், கோழி எரு, யூரியா எல்லாவற்றிலும் தழைச்சத்து இருக்கிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். அது மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு இறங்கிவிடும். நிறம் இல்லை, வாடை இல்லை. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட புட்டிப்பால் குழந்தைக்கு இதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடம்பு நீலம் பூக்கும் ஆபத்து உண்டு. இதைச் சொன்ன பிறகுதான் பெண்கள் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தார்கள்.

எத்தனை அடி?

இதில்தான் எல்லா ஊரிலும் சண்டை. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2470, குடிநீர்க் கிணற்றிலிருந்து உறிஞ்சுகுழி குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. அதாவது சுமார் 60 அடி. இதைக் கீழ் எல்லையாக வையுங்கள், இதற்குக் கீழே ஒருவருக்காகவும் இறங்காதீர்கள். எங்கள் பூமி வெடிப்புப் பாறை என்பதால் நாங்கள் 100 அடி என்று எழுதினோம். 300 அடி என்று எழுத ஆசையாகத்தான் இருந்தது. எழுதினால் ஊரில் பாதி வீடு வட்டத்துக்குள் வந்துவிடும், யாரும் மதிக்க மாட்டார்கள்.

60 அடி தள்ளிவிட்டால் முழுப் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். தூரம் கிருமிக்கு நல்ல தடை. நைட்ரேட் தூரத்தைப் பற்றிக் கவலைப்படாது. அதற்கு அளவைக் குறைத்தால்தான் உண்டு. அதனால் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் இரண்டு விதி போட்டோம். கோழி எருவைக் குவித்து வைத்தால் மழைக்கு முன்னால் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். செப்டிக் டேங்கில் சேர்ந்த கழிவை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும், நிரம்பி வழியும்வரை காத்திருக்கக் கூடாது. புதிதாகக் கழிவறை கட்டுகிறவர்களுக்கு இரட்டைக் குழியைச் சொல்கிறோம். மூன்று நான்கு அடிக்கு மேல் ஆழம் வேண்டாம். ஒன்று நிறைந்தால் அடுத்ததற்குத் திருப்பிவிட்டு, முதல் குழியை இரண்டு வருஷம் மூடி வைத்தால் உள்ளே இருப்பது காய்ந்து மக்கி எருவாகிவிடும்.

தீர்மானத்தை எப்படி எழுதுவது

எங்கள் முதல் தீர்மானம் படு தோல்வி. "குடிநீர் ஆதாரத்தைச் சுற்றிலும் அசுத்தம் செய்யக் கூடாது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரே வரி. அதன் பிறகு ஒரு குழிகூட நகரவில்லை. எது அசுத்தம், எதுவரை சுற்றிலும், யார் பார்ப்பது, எதுவுமே அதில் இல்லை. அடுத்த கிராம சபையில் மறுபடி எழுதினோம். அதன் சாரம் இது:

"நமது ஊராட்சியில் சர்வே எண் இன்னதில் உள்ள பொது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நான்கு திசையிலும் 100 அடிக்குள், அதாவது சர்வே எண்கள் இன்னின்னவற்றில், புதிதாகக் கழிவறைக் குழி, உறிஞ்சுகுழி, எருக்குழி, குப்பைக் குழி, கோழிக் கொட்டகை அமைக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ளவை இணைப்புப் பட்டியலில் எதிரே குறித்த தேதிக்குள் மாற்றப்பட வேண்டும். போரிலிருந்து 30 அடிக்குள் பாத்திரம் கழுவுதல், துணி துவைத்தல், மாடு கட்டுதல், வண்டி கழுவுதல், பூச்சிமருந்து கலத்தல் கூடாது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு குடிநீர் மற்றும் சுகாதாரக் குழு உறுப்பினர் இருவர் இடத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பதிவேடு அடுத்த கிராம சபையில் வாசிக்கப்படும்."

சர்வே எண்ணை ஏன் வலியுறுத்தினேன் என்று இப்போது புரியும். 100 அடி என்று மட்டும் எழுதினால் ஒவ்வொருவரும் அவரவர் காலால் அளப்பார்கள். சர்வே எண் இருந்தால் ஊராட்சி செயலர் வீடு கட்ட அனுமதி கேட்டு வரும் மனுவைப் பார்த்தவுடனே இது வட்டத்துக்குள் வருகிறது என்று சொல்லிவிடலாம். 2024இலிருந்து 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடிக்குள் வீடு கட்ட சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். யாரும் நேரில் வந்து பார்க்காமலே வேலை ஆரம்பமாகிவிடலாம். அதனால் நாங்கள் வட்டத்தில் உள்ள எல்லா நிலக்காரர்களுக்கும் தீர்மான நகலைக் கையில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் வாங்கினோம். கொத்தனார்கள் மூன்று பேருக்கும் ஒரு நகல். குழி எங்கே தோண்டுவது என்று கடைசியில் முடிவு செய்வது அவர்கள்தான்.

கிராம சபை வருஷத்தில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், இந்தப் பேச்சை எடுக்க அதுவே நல்ல நாள். கூட்டத்துக்கு ஒரு வாரமாவது முன்பே எழுத்தில் கொடுத்து, பேசவிருக்கும் பொருள்களில் சேர்க்கச் சொல்லுங்கள். தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சியிலும் கிராம சபை உண்டு, மனு கொடுக்கலாம். ஆள் கணக்கையும் பாருங்கள். ஊராட்சி மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். நாங்கள் ஐந்து பெண்களும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு அடி எண் மாறினால்கூட அர்த்தம் மாறிவிடும்.

இந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது என்பதைச் சபையில் சொல்லுங்கள். 1974ஆம் வருஷத்து நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, தெரிந்தே நச்சுக் கழிவை ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ விடுவதைத் தடுக்கிறது. அந்தச் சட்டத்தில் ஓடை என்றால் பூமிக்கடியில் ஓடும் தண்ணீரும் சேர்ந்ததுதான். ஆலை எதுவானாலும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இருக்கிறதா என்று ஊராட்சி கேட்கலாம். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் திருப்பூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தேக்கமாகி, சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டுப்போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை அது நீண்டது.

சொந்தக்காரர் குழிதான் கஷ்டம்

எங்கள் பட்டியலில் முதலில் இருந்தது போரிலிருந்து 42 அடியில் இருந்த ஒரு குழி. அது என் மாமனார் வழியில் மாமா முறை ஆகிறவருடையது. எழுபது வயதுக்கு மேல். நோட்டீஸ் கொடுக்கப் போகவில்லை. ஒரு சாயங்காலம் பரிசோதனைப் பெட்டியோடு போனேன்.

"ஏனம்மணி, என்ன டப்பா அது?"

"போர்த் தண்ணியப் பாக்கறதுங்க மாமா. நீங்களும் ஒருக்கா பாருங்க."

அவர் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துச் சோதித்துக் காட்டினேன். சிவப்பாக மாறியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இருவது வருசமா இருக்குது அந்தக் குழி. எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"உங்களுக்கு ஆகாதுங்க மாமா. உங்க பேத்தி பிரசவத்துக்கு இங்கதான வருது?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. அவர் மனைவி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் மாமாவே வந்து, குழியை வீட்டின் மேற்குப் பக்கம் மாற்றிக்கொள்கிறேன், ஆனால் செலவு என்ன என்று கேட்டார். குழி வெட்ட ஊர்ப் பையன்கள் இரண்டு நாள் வந்தார்கள், ரிங்குக்கும் மேஸ்திரி கூலிக்கும் அவர் போட்டார். பழைய குழியின் உள்ளே இருந்ததை லாரி வைத்து எடுத்து, சுண்ணாம்பு தூவி, மண் போட்டு மூடினோம். குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது. அது கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், உள்ளே இருக்கும் வாயுவில் உயிரும் போகும். தொட்டிக் கழிவை எடுக்க 14420 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

என் அனுபவத்தில் தேதி போட்டுக் கொடுப்பதும், அந்தத் தேதிக்கு முன்னால் ஒரு முறை வீட்டுக்குப் போய் வருவதும் அபராதத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. அப்படியும் கேட்காதவர்கள் இருந்தால், படம், தூர அளவு, ஆய்வக முடிவு, தீர்மான நகல் நான்கையும் சேர்த்து பி.டி.ஓ.விடம் மனு கொடுங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். இந்த நான்கும் இருந்தால் மனுவைச் சும்மா தள்ளிவிட முடியாது.

ராத்திரி வரும் லாரி

ஊர் எல்லையில் இருந்த பாழுங்கிணற்றில் ராத்திரி நேரத்தில் செப்டிக் லாரிக்காரர்கள் கொட்டிவிட்டுப் போவதை ஒரு ஆடு மேய்க்கிற பாட்டிதான் கண்டுபிடித்துச் சொன்னார். கோழிக்கறிக் கழிவும் அதில் கிடந்தது. பாறை தெரியும் கிணறு அது. அதில் கொட்டுவது போருக்குள் கொட்டுவதற்குச் சமம். நாங்கள் அந்தத் தடத்தில் இரண்டு கல் நட்டு லாரி போகாமல் செய்தோம். நிலக்காரரிடம் பேசி, கிணற்றைச் சுற்றி முள்கம்பி போட வைத்தோம். லாரி எண்ணைக் குறித்துக்கொண்டு ஊராட்சியில் புகார் கொடுத்தோம். தீர்மானத்தில் இதற்கும் ஒரு வரி சேர்த்தோம்: ஊரில் டேங்க் எடுக்கும் லாரி எதுவானாலும் உரிமம் காட்ட வேண்டும், எங்கே கொண்டுபோய்க் கொட்டப்போகிறது என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். வாடகை குறைவு என்று நாம் கூப்பிடுகிற லாரிதான் பக்கத்து ஊர்க் கிணற்றில் கொட்டுகிறது. இதைச் சபையில் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

போரின் தலை

வெளியே எவ்வளவு ஒழுங்கு செய்தாலும் போரின் தலை ஒழுங்காக இல்லாவிட்டால் வீண். மழைத் தண்ணீர், போருக்குள் இறக்கியிருக்கும் வெளிக்குழாயான கேசிங் பைப்பின் ஓரமாகவே உள்ளே இறங்கிவிடும். கேசிங் பைப் கெட்டிப் பாறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், வெளிப்பக்க இடைவெளி சிமெண்டால் அடைத்திருக்க வேண்டும், பைப் தரைமட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும், சுற்றிலும் வெளிப்பக்கம் சரிவாகக் காங்கிரீட் மேடை வேண்டும். உச்ச நீதிமன்றம் 2010இல் கொடுத்த விதிகளில் இந்த மேடை அரை மீட்டருக்கு அரை மீட்டர், தரைக்கு மேலே 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர் என்று அளவே சொல்லியிருக்கிறது. குழந்தைகள் விழுவதைத் தடுக்க வந்த விதி அது, தண்ணீரையும் அதுவே காக்கிறது.

கைவிட்ட போரை மேலே கல்லை வைத்து மூடுவது மூடலே கிடையாது. அடியிலிருந்து தரைமட்டம்வரை களிமண், மணல், சரளை போட்டு நிரப்ப வேண்டும். இதுவும் அதே விதியில் இருக்கிறது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை சுஜித் கைவிட்ட போருக்குள் விழுந்து இறந்ததைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டோம். எங்கள் ஊரில் தேடிப் பார்த்தபோது கைவிட்ட போர் ஏழு இருந்தது, இரண்டில் சாக்குப்பை மட்டும் திணித்திருந்தார்கள். அடைக்காத போர் மேலே இருக்கும் அழுக்கைப் பாறை ஆழத்துக்கே கொண்டுபோய் விடும் குழாய். நல்ல எண்ணத்தில் ஓடுகிற மழைத் தண்ணீரை அதில் திருப்பி விடுகிறவர்களும் உண்டு. கூரைத் தண்ணீரை ஜல்லி, மணல் வடிகட்டி வழியாக விடலாம். காட்டிலும் வீதியிலும் ஓடி வந்த தண்ணீரை நேராகப் போரில் விடவே கூடாது.

அப்புறம் ஒன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. மருந்தடிக்கும் டேங்கை நிரப்பும்போது ஓஸை டேங்குக்குள் முக்கி வைத்துவிட்டு மோட்டாரைப் போடுவார்கள். அந்த நேரம் கரண்ட் போனால், பைப்பில் இருக்கும் தண்ணீர் கீழே இறங்கும்போது டேங்கில் கலந்த மருந்தையும் உறிஞ்சிக்கொண்டு போருக்குள் போய்விடும். சொட்டுநீரில் வென்சுரி (உரக்கரைசலை உறிஞ்சிக் கலக்கும் கருவி) வைத்து யூரியா விடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து. மோட்டாரில் இருக்கும் வால்வு தேய்ந்திருந்தால் தடுக்காது. பைப் லைனில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான் ரிட்டர்ன் வால்வு ஒன்றைத் தனியாகப் போடுங்கள். ஓஸ் முனை டேங்கின் வாய்க்கு மேலே ஒரு சாண் தள்ளியே தொங்கட்டும். எங்கள் தீர்மானத்தில் விவசாயிகள் ஒரு வார்த்தை மறுக்காமல் ஏற்றுக்கொண்டது இந்த விதியைத்தான்.

அதற்குள் கெட்டுவிட்டால்

ஹெச்2எஸ் குப்பி கருத்துவிட்டால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம் என்று உடனே தண்டோரா போடுங்கள், வாட்ஸப் குழுவிலும் போடுங்கள். மேல்நிலைத் தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்ட பிறகு, கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். சேந்துகிணறாக இருந்தால் கணக்கு எளிது. விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர் வரும். எங்கள் கோயில் கிணறு 2 மீட்டர் விட்டம், தண்ணீர் 3 மீட்டர், ஆக 9.42 கன மீட்டர், அதாவது 9420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம் என்றால் சுமார் 24 கிராம். அதை வாளியில் பசை மாதிரி குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேல் தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்கிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் சேந்தலாம். காற்றுப்பட்டுக் கட்டியான பழைய பவுடரில் வீரியம் இருக்காது.

நைட்ரேட்டுக்குக் குளோரின் உதவாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் காவிரித் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைக்கச் சொன்னோம், குழாய் வராத நாளுக்கு ஊராட்சி லாரித் தண்ணீர் விட வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதினோம். மாமாவின் குழி நகர்ந்து, பாழுங்கிணற்றில் கொட்டுவது நின்று, இரண்டு மழைக்காலம் போன பிறகு வந்த ஆய்வக முடிவில் நைட்ரேட் குறைந்திருந்தது. இன்னும் 45க்குக் கீழே வரவில்லை. கட்டுத்தரை இரண்டு பாக்கி இருக்கிறது. ஒன்றுக்குத் தளம் போட்டு மூத்திரத்தை வாய்க்கால் வெட்டித் தோப்புக்குத் திருப்ப, அந்த வீட்டுக்காரர் பொங்கல் கழித்துத் தேதி கேட்டிருக்கிறார். பதிவேட்டில் பெயருக்கு நேரே தை 10 என்று எழுதி வைத்திருக்கிறேன்.